விரல் தயங்கும் இடம்

இணையதளம் செய்பவர்கள், வெளியிடும் முன் ஒருமுறை குண்டனி நாட்டுக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை; அங்கேதான் குண்டனி நாடு. மிளகு காயவைக்கும் அக்காவிடம் போனைக் கொடுத்து, "சாதிச் சான்றுக்கு விண்ணப்பம் போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். சொல்லிக்கொடுக்கக் கை பரபரக்கும்; கூடாது. அவர் விரல் தயங்கும் இடம்தான் குறை. ஓடிபி வருவதற்குள் சிக்னல் போகும், நிரப்பியதெல்லாம் அழியும். சென்னை அலுவலக வைஃபையில் இது எப்படித் தெரியும்?

இப்படி ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார். 15 பேரை மொத்தமாகச் சோதிப்பதைவிட, ஐந்தைந்து பேராக மூன்று முறை, நடுநடுவே திருத்தியபடி சோதிக்கச் சொன்னார்.