பாரிசவாதமும் பயிற்சியும்

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுதலாலோ வெடித்தலாலோ உண்டாவது பாரிசவாதம். முதற் சில மணிநேரத்துள் வைத்தியசாலையை அடைதல் வேண்டுமென்பதைப் பலரும் அறிவர். அதன் பின்னர் வரும் நீண்ட காலத்தைப் பற்றியே அறியாமை மிகுந்துள்ளது. சில திங்களுள் மீளாத கை பின் ஒருபோதும் மீளாது என்னுங் கொள்கை வைத்தியரிடையேயும் நெடுங்காலம் நிலவியது. அதனை அசைத்தவற்றுள் ஒன்று ஓர் ஆசிரியரின் வரலாறு.

நியூயோர்க் நகரக் கல்லூரியிற் கற்பித்துவந்த கற்றலோனியக் கவிஞர் பேத்ரோ பாக்-இ-ரீற்றா 1959 ஆம் ஆண்டில், தமது 65 ஆவது வயதில், இந்நோய்க்கு ஆளாயினார். உடலின் ஒரு பாதி செயலிழந்தது, பேச்சும் ஒழிந்தது. நான்கு வாரச் சிகிச்சையாற் பயன் காணாமையின், இனி நம்பிக்கையில்லை என்று கூறப்பட்டது. மெக்சிக்கோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மகன் ஜோர்ஜ் அவரைத் தம்மிடம் அழைத்துச் சென்றார். நோயாளரை நடை பழக்கும் முறை எதனையும் ஜோர்ஜ் அறியார். குழந்தை தவழ்ந்த பின்னரே நடக்கின்றது என்பதை மட்டும் அறிவார். ஆகவே தந்தையைத் தவழச் செய்தார். நலிந்த தோளைச் சுவரிற் சாய்த்தபடி முதியவர் திங்கட்கணக்கில் தவழ்ந்தார். பேராசிரியர் ஒருவரை நாய்போலத் தவழவிடுவதா என அயலார் கடிந்தனர், மகன் செவிசாய்த்தாரல்லர். நிலத்திற் போளை உருட்டி, நலிந்த கையால் அதனைப் பிடிக்கச் செய்தார். சட்டிபானைகளையும் அக்கையாலேயே கழுவுவித்தார்: ஒரு புறமாகச் சுற்றிப் பதினைந்து நிமிடம், மறு புறமாகப் பதினைந்து நிமிடம். ஏறத்தாழ ஓராண்டின் பின் பேத்ரோ மீண்டும் வகுப்பறை புகுந்தார்.

72 ஆவது வயதிற் கொலம்பியாவில் மலையேறுகையில் மாரடைப்பால் இறந்தார். மூளையைச் சோதித்தபோது, மூளைப்பட்டையிலிருந்து முண்ணாணுக்குச் செல்லும் நரம்புகளுள் 97 வீதம் அழிந்தே கிடந்தமை தெரியவந்தது. அழிந்தவை மீண்டும் முளைத்தில. எஞ்சியவையே புதிய தொழிலைப் பயின்றுகொண்டன. மற்றொரு மகனான போல், மூளையின் இவ்வியல்பையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டார்.

கை அசையாமைக்குச் சேதம் மட்டுமன்றி, அதனைப் பயன்படுத்தாது விடும் பழக்கமும் காரணமென்பதை எட்வேட் டவுப் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் காட்டினார். நோயாளிக்குச் சோறூட்டி, உடையுடுத்தி, யாவும் தாமே செய்யும் இல்லத்தார் அப்பழக்கத்தைத் தம்மையறியாமலே வளர்க்கின்றனர். டவுப்பின் முறையில் நல்ல கைக்கு உறையிடப்படும். நலிந்த கையே வேலை செய்தல் வேண்டும். நோயுற்று 3 முதல் 9 திங்கள் கழிந்த 222 பேரைக் கொண்டு நிகழ்ந்த சோதனையின் முடிவு 2006 இல் வெளியாயிற்று. இரு வாரம் இவ்வாறு பயின்றோர் பெற்ற நன்மை ஓராண்டின் பின்னும் நிலைத்திருந்தது. ஆயினும் அவர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவேனும் அசைக்கக்கூடியவராய்த் தெரிந்தெடுக்கப்பட்டவர். சற்றும் அசையாத கைக்கு இம்முறை பொருந்தாது.