மினி காரின் 10 இன்ச் சக்கரத்துக்குள் எவ்வளவு பிரேக் அடங்கும்?

பழைய கார் வைத்திருப்பவர்கள் பேச்சில் 'பெரிய வீல் மாட்டலாமா?' என்பது ஒரு கேள்வியாகவும், 'பிரேக்கை மாத்தலாமா?' என்பது வேறொரு கேள்வியாகவும் வரும். இரண்டும் ஒரே கேள்விதான். அதைப் பளிச்சென்று காட்டுகிற கார் ஒன்று உண்டு: மிஸ்டர் பீன் ஓட்டுவாரே, அந்த எலுமிச்சைப் பச்சை மினி. கொஞ்ச நாளாக அதன் பிரேக் வரலாற்றைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

1959-ல் பிரிட்டனில் வெளிவந்த மினியை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். சுமார் 3 மீட்டர் நீளத்துக்குள் நாலு பேர் உட்கார வேண்டும். சக்கரம் பெரிதாக இருந்தால் அதன் மேல்மூடி காருக்குள் புகுந்து, கால் வைக்கிற இடத்தைத் தின்றுவிடும். அதனால் 10 இன்ச் சக்கரம் போதும் என்று முடிவு செய்தார். டன்லப் நிறுவனம் இந்தக் காருக்காகவே அந்த அளவில் டயர் செய்து கொடுத்தது.

இடம் மிச்சமானது. ஆனால் பிரேக்கும் அந்தச் சின்னச் சக்கரத்துக்குள்ளேதான் குடியிருக்க வேண்டும்! முதல் மினியில் 848 சிசி இன்ஜின், 34 குதிரைசக்தி, அதிகபட்ச வேகம் மணிக்கு 72 மைல். நாலு பக்கமும் 7 இன்ச் டிரம் பிரேக். அந்த வேகத்துக்கு அது ஒப்பேறியது. 1961-ல் மினி கூப்பர் வந்தபோது சக்தி 55-க்கு ஏறிவிட்டது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போட்டார்கள், அதுவும் 7 இன்ச்தான். என்னைக் கேட்டால் பேருக்குத்தான் டிஸ்க். 1963-ல் வந்த கூப்பர் எஸ்ஸில்தான் 7.5 இன்ச்சில் தடிமனான டிஸ்க்கும், மிதியை இலகுவாக்கும் சர்வோவும் சேர்ந்தன. அடுத்த வருடமே அந்தக் கார் மான்டே கார்லோ ராலியில் ஜெயித்தது.

அரை இன்ச்சில் என்ன பெரிய வித்தியாசம்? பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றுகிற கருவி. ஆட்களோடு சேர்த்து 770 கிலோ உள்ள மினி 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க வேண்டுமானால் சுமார் 300 கிலோஜூல் சூடு வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. சில நொடிகளில் அதை வாங்கிக்கொள்வது கொஞ்சம் இரும்பு, அதிலும் பெரும்பகுதி முன்பக்கம். டிரம் சூடானால் விரிந்து, உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகிப் போகும். மலைப்பாதையில் இறங்கும்போது மிதி கீழே கீழே போவது இதனால்தான். டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை, காற்றும் நேராகப் படும். இருந்தாலும் சின்ன டிஸ்க் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் களைத்துப் போகும்.

சரி, இன்னும் பெரிய டிஸ்க் போட்டுவிடலாமே? இங்கேதான் சக்கரம் குறுக்கே நிற்கிறது. 10 இன்ச் என்றால் 254 மில்லிமீட்டர். 7.5 இன்ச் டிஸ்க் 190. சுற்றிலும் மிஞ்சுவது 32 மில்லிமீட்டர். அதற்குள் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் இருக்க வேண்டும், ரிம்மின் இரும்பும் இருக்க வேண்டும். 8.4 இன்ச் டிஸ்க் போட்டால் மிஞ்சுவது 20 மில்லிமீட்டர்தான். சாதாரண காலிப்பர் அதில் நுழையாது. 12 இன்ச் சக்கரமாக இருந்தால் அதே டிஸ்க்குக்குச் சுற்றிலும் 46 மில்லிமீட்டர் கிடைக்கும். தொழிற்சாலையும் இந்த வழியில்தான் போனது. 1974-ல் 1275 ஜிடி மாடலுக்கு 12 இன்ச் சக்கரமும் 8.4 இன்ச் டிஸ்க்கும் ஒன்றாக வந்தன. 1984-ல் எல்லா மினிக்கும் அதே ஜோடி. பீன் வைத்திருக்கும் மினி 1000 அதற்கு முந்தையது, நாலு பக்கமும் டிரம்தான்.

பிரேக்கைத் தொடாமல் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும்? பழைய 145/80 டயர் போட்ட 10 இன்ச் சக்கரத்தின் மொத்த விட்டம் 486 மில்லிமீட்டர். 145/70 டயர் போட்ட 12 இன்ச் சக்கரம் 508. நாலரை சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் கார் 62.7-ல் போகும். அதைவிட முக்கியம், தரையில் கிடைக்கும் பிரேக் விசை சுமார் 4 சதவீதம் குறையும். பிரேக் தருவது ஒரு முறுக்கு விசை. டயரின் ஆரம் கூடினால் அதே முறுக்கு தரையில் குறைந்த விசையாகத்தான் இறங்கும். அழகுக்காக வீல் மாற்றியவர் காரின் பிரேக்கைத் தன்னையறியாமல் பலவீனமாக்குகிறார். 7.5-லிருந்து 8.4 இன்ச் டிஸ்க்குக்குப் போனால் தோராயமாக 12 சதவீதம் கூடும். பெரிய சக்கரம் தின்றது போக 7 சதவீதம் மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிரம்மில் முன்பக்கம் பார்த்த ஷூவைச் சக்கரத்தின் சுழற்சியே இழுத்து அழுத்தும். டிஸ்க்கில் அந்த இலவச உதவி கிடையாது. அதனால் டிஸ்க்குக்கு மாறிய பலரும் 'மிதி கல்லு மாதிரி இருக்கு' என்று புலம்புவார்கள். மாஸ்டர் சிலிண்டரை அதற்கேற்ப மாற்ற வேண்டும், அல்லது சர்வோ சேர்க்க வேண்டும். பின்சக்கரத்துக்கு எண்ணெய் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் வால்வும் முன்பிரேக்கோடு பொருந்த வேண்டும். மினியில் எடை முன்னால்தான். அழுத்திப் பிடித்தால் பின்பக்கம் லேசாகித் தூக்கும். அந்த நேரத்தில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுற்றிவிடும். பின்பக்கப் பிரேக்கையும் 'அப்கிரேடு' பண்ணுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருப்பது இதனால்தான்.

கடைசியில் காரை நிறுத்துவது டயரின் பிடிதான். சக்கரத்தைப் பூட்டுகிற அளவுக்குப் பிரேக் ஏற்கெனவே இருந்தால், பெரிய டிஸ்க் ஒரே ஒரு தடவை நிற்கும் தூரத்தைக் குறைக்காது. பத்தாவது தடவையும் அதே மாதிரி நிற்க வைக்கும். ஊருக்குள் மட்டும் ஓடுகிற, இன்ஜினைக் கைவைக்காத மினிக்கு நல்ல நிலையில் உள்ள டிரம்மும் புது டயரும் போதும் என்பேன். இன்ஜினைப் பெரிதாக்கியவருக்கும் மலைப்பாதை ஓட்டுபவருக்கும் 12 இன்ச் சக்கரமும் 8.4 இன்ச் டிஸ்க்கும் சேர்ந்தே வேண்டும். 10 இன்ச்சின் தோற்றத்தை விட மனசில்லாதவர்களுக்கு அதற்குள் அடங்குகிற 7.9 இன்ச் டிஸ்க்கும் மெலிந்த அலுமினியக் காலிப்பரும் சந்தையில் உண்டு. ஆனால் எல்லா ரிம்மிலும் அது நுழையாது, வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். 13 இன்ச் சக்கரமும் 1990களில் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. உள்ளே இருந்தது அதே 8.4 இன்ச் டிஸ்க்தான்.