காரின் சூட்டைக் கம்ப்யூட்டரில் படிப்போம்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ரேடியேட்டருக்கும் பேட்டரிக்கும் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. இன்று ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. இன்ஜின் சூட்டையும் பேட்டரி வோல்டேஜையும் அது ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அதனிடம் கேட்கத் தெரியாததால், எங்கள் வீட்டில் சுமார் 22 ஆயிரம் ரூபாய் வீணானது. கேட்கத் தெரிந்த பிறகு ஒரே நாளில் காரணம் தெரிந்தது. அந்த வழியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். வேலை சாஃப்ட்வேர் கம்பெனியில். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்குப் பக்கம்.

பிரச்சனை என்ன?

என் சித்தப்பா மகன் 2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். முன்பு வைத்திருந்தவர் வேகத்தில் ஆசை உள்ளவர். இன்ஜின் கம்ப்யூட்டரில் ட்யூனிங் மாற்றியிருந்தார். புது ஏர் ஃபில்டர், ரேடியேட்டருக்கு முன்னால் ஆயில் கூலர், டிக்கியில் பெரிய ஆம்ப்ளிஃபயர், எடை குறைந்த அலுமினிய புல்லி என்று பல மாற்றங்கள். நெடுஞ்சாலையில் கார் பறக்கும். ஆனால் நின்றால் கொதிக்கும்.

சித்தப்பாவை மாதம் ஒருமுறை இதயப் பரிசோதனைக்குத் திருச்சி அழைத்துப் போக வேண்டும். ஒரு மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், ரயில்வே கேட்டில் நின்றிருந்தபோது பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. இன்ஜினை அணைத்தார்கள். சூடு தணிந்த பிறகு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகியது, சுற்றவில்லை. சித்தப்பா ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றினார். பிறகு தெர்மோஸ்டாட்டை மாற்றினார். எலக்ட்ரீஷியன் பேட்டரியை மாற்றினார். ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று மாட்டிவிட்டார். அடுத்த மாதம் அதே கேட், அதே ஆவி. "தம்பி, மாத்த வேண்டியதெல்லாம் மாத்தியாச்சு. இனி இன்ஜினைத்தான் மாத்தணும்" என்றார் மெக்கானிக். "அண்ணே, வித்துடலாம்ணே" என்றான் தம்பி.

எங்கள் தொழிலில் ஒரு புரோகிராம் நின்றுபோனால் முதலில் லாக் ஃபைலைத்தான் பார்ப்போம். காருக்கு லாக் ஃபைல் உண்டா? உண்டு!

ஓபிடி என்றால் என்ன?

காரின் கோளாறை வெளியிலிருந்து படிப்பதற்கான பொது முறைதான் ஓபிடி-2. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயமானது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2 கட்டாயமாக்கப்பட்டன. எனவே அதற்குப் பின் தயாரான கார் என்றால், பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டு அடியில் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும்.

அதில் செருகுவதற்கு இஎல்எம்327 வகை அடாப்டர் கிடைக்கிறது. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. புளூடூத் வழியாக லேப்டாப் அல்லது ஆண்ட்ராய்டு போனுடன் பேசும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகையோ, ஐபோனுக்கும் பொருந்தும் என்று குறிப்பிட்ட வகையோ வாங்க வேண்டும். சாதாரண புளூடூத் அடாப்டர் அதில் வேலை செய்யாது.

கேள்வியும் பதிலும்

போனில் 'டார்க்' போன்ற ஆப் போதும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருமுறை லேப்டாப்பில் செய்து பாருங்கள்.

1. அடாப்டரைச் செருகி, சாவியை ஆன் செய்யவும்.
2. புளூடூத்தில் இணைக்கவும். பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234 அல்லது 0000.
3. விண்டோஸ் கொடுக்கும் சீரியல் போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு, புட்டி போன்ற டெர்மினல் சாஃப்ட்வேரில் அந்தப் போர்ட்டைத் திறக்கவும்.
4. 0105 என்று டைப் செய்து என்டர் தட்டவும். 01 என்றால் 'இப்போதைய நிலவரம் சொல்', 05 என்றால் 'கூலன்ட் சூடு'.

41 05 82 என்று பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் நம் கேள்வியின் எதிரொலி. கடைசி எண்தான் விடை. அது ஹெக்ஸா எண். 8 பெருக்கல் 16, கூட்டல் 2, மொத்தம் 130. அதில் 40-ஐக் கழித்தால் 90 டிகிரி செல்சியஸ். பனி நாடுகளில் பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த 40.

அடுத்து 0142 கொடுங்கள். இது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு வரும் வோல்டேஜ். 41 42 30 70 என்று வந்தால், 30 என்பது 48, 70 என்பது 112. 48-ஐ 256-ஆல் பெருக்கி 112-ஐக் கூட்டினால் 12400. இது மில்லிவோல்ட். அதாவது 12.4 வோல்ட். 37 78 என்று வந்தால் 14.2 வோல்ட். சில கார்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அப்போது ஏடிஆர்வி என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் அடாப்டரே வோல்டேஜை அளந்து சொல்லும். விலை குறைந்த அடாப்டர்களில் இந்த அளவு சற்றுத் தவறலாம். மல்டிமீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

"டேஷ்போர்டில்தான் முள் இருக்கிறதே?" என்று கேட்கலாம். பல கார்களில் அந்த முள், சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் நகரும்போது காரியம் கைமீறியிருக்கும். சில கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான்.

எது சரியான அளவு?

கூலன்ட் சூடு 85 முதல் 100 டிகிரிக்குள் ஏறி இறங்குவது பெரும்பாலான கார்களில் சாதாரணம். பிரஷர் மூடி இருப்பதால் 100 டிகிரியில் கொதித்துவிடாது. இன்ஜின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். புதிய கார்களில் ஆல்டர்னேட்டரையே கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துவதால், சற்று நேரம் இதைவிடக் குறைவாகவும் காட்டலாம். ஆனால் ஃபேனும் ஏசியும் ஓடும்போது 12.6-க்கும் கீழே போய் அங்கேயே நின்றால், ஆல்டர்னேட்டர் கொடுப்பது போதாமல் பேட்டரியிலிருந்து கரண்ட் போகிறது.

லாக் ஃபைல் சொன்ன கதை

டார்க் ஆப்பில் கூலன்ட் சூடு, வோல்டேஜ், ஆர்பிஎம் மூன்றையும் தேர்ந்தெடுத்து லாக்கை ஆன் செய்தேன். தம்பி ஓட்ட, நான் பக்கத்தில். அதே ரயில்வே கேட்டுக்கு, ரயில் வரும் நேரம் பார்த்துப் போனோம். வீட்டுக்கு வந்து ஃபைலை எக்செலில் திறந்து, சூட்டையும் வோல்டேஜையும் ஒரே சார்ட்டில் இரண்டு கோடுகளாக வரைந்தேன்.

கேட்டுக்கு வரும்போது 91 டிகிரி, 14.1 வோல்ட். நின்ற சில விநாடிகளில் 12.9 வோல்ட். 18 நிமிடம் கழித்து 108 டிகிரி, 12.1 வோல்ட். கேட் திறந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதும் நான்கே நிமிடத்தில் மீண்டும் 92 டிகிரி, 14.1 வோல்ட். ஒரு கோடு ஏற ஏற மற்றது இறங்கியிருந்தது. அதிலும் வோல்டேஜ்தான் முதலில் இறங்கியது, சூடு பிறகுதான் ஏறியது. மெக்கானிக் ஒன்றைப் பார்த்தார், எலக்ட்ரீஷியன் மற்றொன்றைப் பார்த்தார். இரண்டும் ஒரே நோயாக இருந்தால்?

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி 2000 ஆர்பிஎம்மில் வைக்கச் சொன்னேன். ரேடியேட்டர் அடைத்திருந்தால் சூடு இன்னும் ஏற வேண்டும். ஆனால் வோல்டேஜ் 13.9-க்கு ஏறியது. சூடு 106-லிருந்து 97-க்கு இறங்கியது! அப்படியானால் கோளாறு, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது மட்டும் வருவது.

குற்றவாளி யார்?

மெக்கானிக்கிடம் சார்ட்டைக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். "புல்லி சிறுசு தம்பி" என்றார். அளந்தோம். கம்பெனி புல்லி 140 மில்லிமீட்டர். மாட்டியிருந்தது 110. ஆல்டர்னேட்டர் பக்கம் 56.

கணக்குப் போடுங்கள். 140-ஐ 56-ஆல் வகுத்தால் 2.5. இன்ஜின் 800 சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் 2000 சுற்றும். 110 என்றால் சுமார் 1570 சுற்றுதான். ஆல்டர்னேட்டர் மேல் எழுதியிருக்கும் 75 ஆம்பியர் என்பது அது 6000 சுற்று சுற்றும்போது. 2000-க்குக் கீழே ஒவ்வொரு நூறு சுற்று குறையும்போதும் கரண்ட் வேகமாகச் சரியும். நின்ற காரில் ரேடியேட்டர் ஃபேனுக்குச் சுமார் 12, ஏசி ஊதிக்கு 8, ஏசி கிளட்ச்சுக்கு 4, இன்ஜினுக்கு 10, ஆம்ப்ளிஃபயருக்கு 10 என்று 44 ஆம்பியர் தேவைப்பட்டது. பற்றாக்குறையைப் பேட்டரி கொடுத்தது. வோல்டேஜ் குறையக் குறைய ஃபேன் மெதுவாகச் சுற்றியது. போதாததற்கு, இந்தக் காரில் வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. அதன் வேகமும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தண்ணீரும் மெதுவாக, காற்றும் மெதுவாக. கொதிக்காமல் என்ன செய்யும்?

ஒன்றைக் கவனியுங்கள். அந்த புல்லி மோசமான பொருள் அல்ல. கோயமுத்தூர் செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற ரேஸ் தளத்துக்கு அது சரியானது. அங்கே இன்ஜின் எப்போதும் உச்ச வேகத்தில் சுற்றும். பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் மெதுவாகச் சுற்றவிட்டால் கொஞ்சம் சக்தி மிச்சமாகும். ஆனால் ரேஸ் தளத்தில் ரயில்வே கேட் கிடையாது, ஏசி கிடையாது, பின் சீட்டில் சித்தப்பா கிடையாது. நம் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். கேம் ஆடுபவருக்காகச் சொன்ன செட்டிங்கை அலுவலக மெஷினில் போட்டுவிட்டு, ஹேங் ஆகிறது என்று புலம்புவோம் அல்லவா?

என்ன செய்தோம்?

கம்பெனி அளவு புல்லியையும் அதற்கேற்ற பெல்ட்டையும் போட்டோம். ஃபேனுக்கு மெல்லிய ஒயர் கொடுத்திருந்தார்கள். பேட்டரியில் 12.1 இருந்தபோது ஃபேன் முனையில் 11.2 வோல்ட்தான் வந்தது. ரிலே வைத்துத் தடித்த ஒயர் போட்டதும் இந்த இழப்பு 0.2-க்குள் வந்தது. ஆயில் கூலரை ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து எடுத்தோம். ட்யூனிங்கும் பழையபடி ஆனது. மீண்டும் அதே கேட், அதே லாக். 20 நிமிடத்தில் சூடு 97-ஐத் தாண்டவில்லை. வோல்டேஜ் 13.5. இப்போது சித்தப்பா அதே காரில்தான் திருச்சிக்குப் போய் வருகிறார்.

கவனிக்க வேண்டியவை

* ஓட்டுபவர் போனையோ லேப்டாப்பையோ பார்க்கக்கூடாது. படிக்க இன்னொருவர் வேண்டும்.
* சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்டதும் கூலன்ட் கொதித்து முகத்தில் அடிக்கும்.
* ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய முறை வேண்டாம். வோல்டேஜ் திடீரென எகிறி இன்ஜின் கம்ப்யூட்டரே போய்விடும்.
* வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். அதோடு 1234 என்ற பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்.
* கோளாறு கோடுகளை அழிக்கும் பட்டனை முதலிலேயே தட்டாதீர்கள். தடயமே போய்விடும்.
* கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. மாற்றிய காரை வாங்குமுன் ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லாக் ஃபைலை நான் எடுத்தேன். ஆனால் அதைப் பார்த்து "புல்லி" என்று சொன்னவர் முப்பது வருடம் கிரீஸில் கை வைத்த மெக்கானிக்தான். இத்தனை நாளும் அவருக்குத் தெரியாமலில்லை. அவர் கண்ணுக்குச் சரியான எண்களை யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். உங்கள் கார் அடுத்த முறை மக்கர் செய்தால், பார்ட்ஸ் கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம் லாக் எடுத்து உங்கள் மெக்கானிக் கையில் கொடுங்கள். மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்!