இடுக்கில் மாட்டிய திருகு

திருப்புளி நுனியான பிட்டை மாட்டித் திருகைத் திருப்பும் பிட் ராட்செட் வரும் அட்டைகளில் ஓர் எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். 72 பல், 90 பல், சிலவற்றில் 120 பல். எண் கூடினால் விலையும் கூடும். வாங்குகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அலமாரிக் கதவின் கீல், சைக்கிள் சட்டத்துக்குள் இருக்கும் பாட்டில் தாங்கி, சுவரோடு ஒட்டி நிற்கும் வாஷிங் மெஷினின் பின்தகடு என்று இடுக்கில் கை வைத்துப் பார்த்தவருக்குத் தெரியும், அந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிக் கதை அட்டையில் அச்சிடப்படாத இரண்டு விஷயங்களில் இருக்கிறது. கருவியின் தலை எவ்வளவு தடிமன்? கைப்பிடியைப் பின்னுக்குக் கொண்டுவரும்போது அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது?

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ராட்செட்டை ஒரு பக்கம் தள்ளினால் திருகு திரும்பும். மறுபக்கம் இழுத்தால் 'டிக் டிக்' என்று கைப்பிடி மட்டும் திரும்பி வரும். மிதிக்காமல் ஓடவிட்ட சைக்கிளின் பின்சக்கரத்தில் கேட்பதும் இதே அமைப்பின் சத்தம்தான். உள்ளே ஒரு பற்சக்கரம், அதன் பல்லிடுக்கில் சாய்ந்து உட்காரும் எஃகு நாக்கு, நாக்கை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன், சாக்கெட் மாற்றிப் போடும் ராட்செட்டுக்கு 1863-இல் காப்புரிமை வாங்கினார். அடிப்படை இன்றைக்கும் அதுவேதான்.

ஒரு சுற்று 360 டிகிரி. 72 பல் இருந்தால் ஐந்து டிகிரிக்கு ஒரு பல். கைப்பிடியை ஐந்து டிகிரி பின்னுக்குக் கொண்டுவந்தாலே நாக்கு அடுத்த பல்லைப் பிடித்துவிடும். பத்து சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் அது ஒன்பது மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவு. 24 பல் உள்ள பழைய ராட்செட் என்றால் பதினைந்து டிகிரி, 26 மி.மீ. அசைய வேண்டும். மற்ற கருவிகளோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். மைனஸ் திருகில் திருப்புளியை எடுத்து மறுபடி வைக்க அரைச் சுற்று வேண்டும். பிளஸ் திருகில் கால் சுற்று. அறுகோணக் குழியுள்ள ஆலன் திருகில் அறுபது டிகிரி. டபுள் எண்ட் ஸ்பேனரின் வாயைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அது கைப்பிடிக்கு நேராக இல்லாமல் பதினைந்து டிகிரி சாய்ந்திருக்கும். ஸ்பேனரைப் புரட்டிப் புரட்டிப் போட்டால் முப்பது டிகிரி இடத்திலேயே நட்டைத் திருப்ப முடிவது அந்தச் சாய்வால்தான். தெரிந்து செய்த தந்திரம் அது. வார்ப்பில் வந்த கோணல் இல்லை.

பாட்டில் தாங்கியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் எம்5 திருகு. ஒரு சுற்றுக்கு 0.8 மி.மீ. வெளியே வரும். பத்து மில்லிமீட்டர் உள்ளே இறங்கியிருந்தால் பன்னிரண்டரைச் சுற்று. ஆலன் திருகுக்கான எல்-கீயை அறுபது டிகிரி மட்டுமே திருப்ப இடம் இருந்தால், சுற்றுக்கு ஆறு முறை எடுத்து மாட்ட வேண்டும். மொத்தம் எழுபத்தைந்து முறை. ராட்செட் அந்த எடுத்து மாட்டும் வேலையை ஒழிக்கிறது. இதுவரை அட்டையில் உள்ள எண் சொல்வது சரி.

அதற்கு மேல் அந்த எண் ஏமாற்றத் தொடங்குகிறது. சில ராட்செட்டுகளில் பற்சக்கரத்தில் 36 பல்தான் இருக்கும். அரைப் பல் தள்ளி இரண்டு நாக்குகளை வைத்து, ஒன்று மாற்றி ஒன்று பிடிக்கச் செய்து, '72' என்று அச்சிடுவார்கள். ஐந்து டிகிரி கிடைப்பது உண்மை. ஆனால் எந்த நேரத்திலும் சுமையை ஒரு நாக்குதான் தாங்குகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரிய பல்லை வைத்துக்கொண்டே சிறிய அசைவை வாங்கும் கெட்டிக்காரத்தனம் அது. பற்களையே பொடியாக்கினால் வேறு சிக்கல் வரும். எட்டு மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஐம்பது மி.மீ. அதில் 72 பல்லை வெட்டினால் ஒரு பல்லுக்குக் கிடைக்கும் இடம் 0.7 மி.மீ. எம்6 போல்ட்டை இறுக்கப் பத்து நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுத்தால், அந்த ஆரத்தில் நாக்கின் மேல் விழும் விசை 1,250 நியூட்டன். இரண்டு ஆட்கள் ஏறி நின்ற எடை, நகத்தளவுகூட இல்லாத ஒரு நாக்கின் மேல். அதனால்தான் நல்ல கருவிகளில் நாக்கு ஒற்றைப் பல்லில் நிற்காமல் ஒரே சமயத்தில் பல பற்களைக் கவ்வும்படி அகலமாக இருக்கும். மட்டமான எஃகில் பல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், கொஞ்ச நாளில் நாக்கு வழுக்கத் தொடங்கும், கை விரல் சுவரில் இடிக்கும்.

பிட் தலைக்குள் ஆடும் ஆட்டம், திருகின் குழிக்குள் பிட் ஆடும் ஆட்டம் இரண்டும் சேர்ந்து இன்னும் சில டிகிரிகளை விழுங்கிவிடும். 120 பல்லின் மூன்று டிகிரி, தேய்ந்த பிட்டைப் போட்டால் காற்றோடு போய்விடும். ஆகவே 60-க்கும் 72-க்கும் நடுவில் இருக்கும் நல்ல கருவி ஒன்றை விட்டுவிட்டு 120-ஐத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது முரண்டு பிடிப்பதற்கு வருவோம். இறுகிய திருகு முதலில் 'டக்' என்று இளகும். அதுவரை ராட்செட் ராஜா மாதிரி வேலை செய்யும். அடுத்த அரைச் சுற்றுக்குப் பிறகு, கைப்பிடியைப் பின்னுக்குக் கொண்டுவந்தால் டிக் சத்தத்தைக் காணோம். திருகும் கைப்பிடியோடு சேர்ந்தே பின்னுக்கு வருகிறது. முன்னே தள்ளினால் முன்னே போகிறது. நாள் முழுக்க ஆட்டிக்கொண்டிருந்தாலும் திருகு வெளியே வராது. காரணம் எளிது. நாக்கை ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தூக்கிவிட ஒரு விசை வேண்டும். இளகிய திருகுக்கும் அதன் மரைக்கும் இடையே உள்ள உராய்வு அந்த விசையைவிடக் குறைந்துவிட்டால், நாக்கு எழும்புவதற்குப் பதில் திருகே திரும்பிவிடுகிறது. இரண்டில் எது லேசோ அது நகரும். பல் கூடிய ராட்செட்டிலும் இந்தத் தொல்லை வரும். பல்லின் எண்ணிக்கை இதற்கு மருந்தல்ல.

ஸ்பிரிங்கை வலுவிழக்கச் செய்தால் தீராதா? ஓரளவுக்குத் தீரும். ஆனால் அப்போது நாக்கு பல்லில் முழுதாக உட்காராமல் நழுவும். நாக்கைத் தூக்கச் செலவே இல்லாத ராட்செட் ஒன்று இருக்க முடியுமா என்ற கேள்வி இயற்பியலிலும் உண்டு. போலந்து இயற்பியலாளர் மரியன் ஸ்மோலுகோவ்ஸ்கி 1912-இல் அதை ஆராய்ந்தார். பிறகு 1960-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் கால்டெக் மாணவர்களுக்கு நடத்திய புகழ்பெற்ற விரிவுரைகளில் ஒரு முழு வகுப்பை இதற்கே ஒதுக்கினார். வாயு மூலக்கூறுகள் இடித்து ஆடும் ஒரு குட்டிக் காற்றாடியை ராட்செட்டோடு இணைத்தால், தாறுமாறான இடிகளில் ஒரு திசையை மட்டும் பொறுக்கி எடுத்து, செலவில்லாமல் ஒரு சுமையைத் தூக்கிவிடலாமே என்பது புதிர். முடியாது என்பது விடை. அவ்வளவு லேசான நாக்கு, அதே வெப்பத்தில் தானும் துள்ளிக்கொண்டிருக்கும். அது எழும்பும் நேரத்தில் சக்கரம் பின்னுக்கு நழுவும். ஒரு திசையைத் தடுக்க வேண்டுமானால் நாக்கை அழுத்தி வைத்தே ஆக வேண்டும். அழுத்தி வைத்த நாக்கைத் தூக்க ஆற்றல் செலவாகியே தீரும். நம் கையில் இருக்கும் கருவி மூலக்கூறு அளவு இல்லைதான். ஆனாலும் அதைச் செய்கிறவர் இதே பேரத்தைத்தான் ஸ்பிரிங்கோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

பல்லே இல்லாமல் சிறு உருளைகளைச் சரிவில் ஆப்புப் போல இறுக வைத்துத் தடுக்கும் ராட்செட்டுகளும் உண்டு. அவற்றில் டிக் சத்தம் கிடையாது, வீணாகும் அசைவும் மிகக் குறைவு. பிடிப்பு முழுக்க உராய்வை நம்பி இருப்பதால், கண்ட கிரீஸையும் உள்ளே அடைத்தால் வழுக்கும் வாய்ப்பு உண்டு.

கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ராட்செட்டில் ஒரு பிட்டை மாட்டி, அதன் நுனியை இரண்டு விரலால் பூப்போலப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னுக்குத் திருப்புங்கள். விரல் பிடியிலேயே பிட் நின்று, கைப்பிடி மட்டும் டிக்கென்று வந்தால் வாங்கலாம். பிட்டும் சேர்ந்து திரும்பினால், எத்தனை பல் இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டதா? தலையைக் கழற்ற முடிந்தால் உள்ளே அப்பியிருக்கும் கெட்டி கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். பல நேரம் முரண்டு பாதியாகக் குறையும். தலையில் சொரசொரப்பான வளையம் வைத்த ராட்செட் என்றால் இன்னும் நல்லது. திருகு இளகியதும் கைப்பிடியை மறந்துவிட்டு, அந்த வளையத்தை விரலால் உருட்டியே வெளியே எடுத்துவிடலாம். இடுக்கு வேலையில் ராட்செட்டுக்கு உண்மையான வேலை முதல் கால் சுற்றும் கடைசிக் கால் சுற்றும்தான். நடுவில் உள்ளதெல்லாம் விரல் வேலை. அந்த வளையம் இல்லாத கருவியை நான் வாங்க மாட்டேன்.

தடிமன் விஷயத்துக்கு ஸ்கேல்கூட வேண்டாம், ஓர் ஈர்க்குச்சி போதும். திருகின் மண்டையிலிருந்து எதிரே இருக்கும் தடுப்பு வரை குச்சியை நீட்டி, அளவாக ஒடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பிட் மாட்டிய ராட்செட்டின் மொத்த உயரம் அந்தக் குச்சியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வழக்கமான பிட்டின் நீளம் 25 மி.மீ. அதன் அறுகோணத் தண்டு எதிரெதிர் முகங்களுக்கு இடையே 6.35 மி.மீ., அதாவது கால் இன்ச். பிட் தலைக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பொறுத்து மொத்த உயரம் மாறும். தலையில் துளை ஊடுருவிப் போகும் வகையில் பிட் நன்றாக உள்ளே அமர்ந்துவிடும், உயரம் மிச்சம். ஒரு பக்கம் மூடிய தலையில் பிட்டின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குச்சி மிகவும் சின்னதாக வந்துவிட்டால் ராட்செட்டையே கைவிட வேண்டியதுதான். பட்டறைகளில் எல்-கீயின் குட்டைக் கையை இன்னும் குட்டையாக வெட்டி, கிரைண்டரில் தேய்த்து வைத்திருப்பார்கள். உயரத்தில் அதை எந்த ராட்செட்டும் வெல்லாது.

கழற்றும்போது உயரம் மாறிக்கொண்டே வரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருகு வெளியே வர வர ராட்செட்டைச் சுவரை நோக்கித் தள்ளும். ஒரு கட்டத்தில் கருவியின் முதுகு சுவரில் முட்டும். இப்போது திருகும் வராது, ராட்செட்டையும் உருவ முடியாது. திசை மாற்றும் நெம்பி விரலுக்கு எட்டினால் திரும்ப உள்ளே முறுக்கித் தப்பிக்கலாம். புரட்டிப் போட்டால்தான் திசை மாறும் வகை என்றால் அங்கேயே சிறை. திசை நெம்பி எந்தப் பக்கம் இருக்கிறது, ஒற்றை விரலால் தள்ள முடிகிறதா, தற்செயலாகச் சுவரில் உரசி மாறிவிடுமா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

கைப்பிடி குட்டையாக இருப்பதற்குக் கவலைப்பட வேண்டாம். பத்து சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் நூறு நியூட்டன், அதாவது பத்துக் கிலோ அளவுக்கு அழுத்தினால் பத்து நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. எம்6 போல்ட்டுக்கு அது சரியான அளவு. எம்4-க்கு மூன்றே போதும். இதற்கு மேல் குழாயைச் செருகி நெம்புகிறவர்கள், பிட்டையோ நாக்கையோ உடைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுவார்கள். நீளம் வேறொரு இடத்தில் ஆபத்தும்கூட. இன்வெர்ட்டர் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் வெறும் எஃகுக் கைப்பிடி ஒரே நேரத்தில் தொட்டால் பன்னிரண்டு வோல்ட்தானே என்று இருக்க முடியாது. பாயும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியர். கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றாமல் அங்கே போகக் கூடாது.

கடைசியாக ஒன்று, இது கருவியின் குறை இல்லை, திருகின் குணம். பிளஸ் திருகின் குழியில் சுவர்கள் சாய்வாக இருக்கும். அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்றுப் பரப்பிய வடிவம் இது. விசை கூடும்போது அந்தச் சாய்வு பிட்டை மேலே தள்ளிவிடும். மண்டை மழுங்குவது அப்படித்தான். திருப்புளியில் உள்ளங்கையை வைத்து நேராக அழுத்தலாம். ராட்செட்டிலோ கை பக்கவாட்டில் இருக்கிறது. மறுகையின் கட்டைவிரலால் தலையை அழுத்தினால்தான் உண்டு, அதற்கும் இடுக்கில் இடம் இருக்க வேண்டும். ஆலன் திருகு, நட்சத்திரக் குழியுள்ள டார்க்ஸ் திருகு இரண்டின் சுவரும் நேரானது, பிட்டை வெளியே தள்ளாது. அவற்றுக்குச் சின்ன ராட்செட் தங்கமான கருவி. இடுக்கில் இறுகிப்போன பிளஸ் திருகுக்கு அதை நம்பிப் போகாதீர்கள். ஒருமுறை கஷ்டப்பட்டுக் கழற்றியதும், அதே அளவில் ஓர் ஆலன் திருகை வாங்கிப் போட்டுவிடுங்கள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் இப்படி வேலை வருகிறவர்கள், ராட்செட்டே வாங்காமலும் சமாளிக்கலாம். பிட்டின் தண்டு கால் இன்ச் அறுகோணம் என்பதால், கால் இன்ச் ரிங் ஸ்பேனர் அதன் மேல் கச்சிதமாக உட்காரும். பிட்டைத் திருகில் வைத்து, விரலால் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள். ஹார்டுவேர் கடையில் மில்லிமீட்டர் ஸ்பேனரைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். இன்ச் அளவு என்று அழுத்திக் கேட்டு வாங்க வேண்டும்.