சோவியத் காலத்து லென்ஸ், இன்றைய கேமரா... செந்துறை வெயிலுக்கு செட் ஆகுமா? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

மிரர்லெஸ் கேமரா வாங்கியாச்சு. ஆனா கூடவே வந்த கிட் லென்ஸில் பின்னணி அழகா மங்கலாக வரமாட்டேங்குது. நல்ல போர்ட்ரெய்ட் லென்ஸ் விலையைக் கேட்டால் தலை சுற்றுது. இந்த இடத்தில்தான் பலர் பழைய சோவியத் லென்ஸ்கள் பக்கம் திரும்புகிறார்கள். ஜூபிடர், இண்டஸ்டார் என்ற பெயர்களில் வரும் இந்த லென்ஸ்களில் பலவற்றுக்கு வயது 40 முதல் 70 வரை இருக்கும். பிராண்டட் புது லென்ஸோடு ஒப்பிட்டால் விலை ரொம்பக் குறைவு.

ஆனால் இவற்றில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. வாரன்டி கிடையாது. வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்கவும் பெரும்பாலும் வழி கிடையாது. அரியலூர் மாவட்டம் செந்துறை மாதிரி, சுள்ளென்ற வெயிலும் சுண்ணாம்புக்கல் புழுதியும் உள்ள ஊரில் இதை நம்பிப் பணம் போடலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரான்னா என்ன?

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் பார்ப்பதை அந்தக் கண்ணாடிதான் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே இல்லை. கேமராவின் முன்பக்கம் சற்று இடைவெளி விட்டு இரண்டு சிறிய ஜன்னல்கள் இருக்கும். எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக, இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி. அவ்வளவுதான்.

கண்ணாடி இல்லாததால் கேமரா சின்னதாக, சத்தம் குறைவாக இருந்தது. தமிழ்நாட்டுக்கும் இந்த வகை கேமராவுக்கும் ஒரு முக்கியமான தொடர்பு உண்டு. பிரெஞ்சு புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமாக்கியவர் அவர். அவர் வாழ்நாள் முழுக்க அதிகம் நம்பியது ஒரு ஜெர்மன் லைகா ரேஞ்ச்ஃபைண்டரையும் 50 மி.மீ. லென்ஸையும்தான்.

சோவியத் லென்ஸ்கள் எங்கே பிறந்தன?

அந்த லைகாவைப் பார்த்துத்தான் சோவியத் கதையும் தொடங்குது. உக்ரைனின் கார்கிவ் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்காகக் கல்வியாளர் மகரென்கோ நடத்திய கம்யூனில் 1934-ல் 'ஃபெட்' கேமரா உற்பத்தி தொடங்கியது. அது லைகாவின் அப்பட்டமான நகல். மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் ஆலை 1948-ல் 'ஜோர்க்கி'யை இறக்கியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்களும் வடிவமைப்புகளும் இழப்பீடாக சோவியத் வசம் போயின. கீவ் நகரின் அர்செனல் ஆலை 'கீவ்' கேமராவைத் தயாரித்தது அப்படித்தான். ஜூபிடர் வரிசையின் 50 மி.மீ. லென்ஸ்கள் எல்லாம் ஜெய்ஸின் 'சோனார்' லென்ஸின் வாரிசுகள். அதாவது ஜெர்மன் கணக்கு, சோவியத் கைவேலை. குறைந்த விலைக்கு இவ்வளவு நல்ல படம் வருவதற்கு இதுதான் காரணம்.

இன்றைய கேமராவில் எப்படிப் பொருந்துது?

எல்லாம் மில்லிமீட்டர் கணக்குதான். ஃபெட், ஜோர்க்கி லென்ஸ்களின் பின்பக்கம் 39 மி.மீ. திருகு மரை. இந்த லென்ஸ் ஃபிலிமில் இருந்து 28.8 மி.மீ. தூரத்தில் உட்கார வேண்டும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடிக்கு இடம் விட்டதால் அந்தத் தூரம் கேனனில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. அதனால் அவற்றில் இந்த லென்ஸை மாட்டினால் தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது.

சோனி மிரர்லெஸ்ஸில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. மீதி 10.8 மி.மீ.க்கு ஒரு உலோக வளையம் போட்டால் போதும். அதுதான் அடாப்டர். உள்ளே கண்ணாடியோ எலெக்ட்ரானிக்ஸோ எதுவும் இல்லை. ஃபியூஜி, நிக்கான் இசட், கேனன் ஆர்எஃப் கேமராக்களுக்கும் தனித்தனி அடாப்டர்கள் கிடைக்கின்றன.

மாட்டியதும் கேமரா 'லென்ஸ் இல்லை' என்று அடம்பிடிக்கும். மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற செட்டிங்கை ஆன் செய்யுங்க. ஃபோகஸ் பீக்கிங், ஸ்கிரீனைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இரண்டையும் பழகிக்கோங்க. ஒரு பழைய தலைவலியும் இதில் தீர்ந்துவிடுது. சோவியத் லென்ஸை அசல் லைகாவில் மாட்டினால், கிட்டத்தில் ஃபோகஸ் லேசாகத் தப்பும் என்ற புகார் உண்டு. மிரர்லெஸ்ஸில் ஸ்கிரீனைப் பார்த்தே ஃபோகஸ் செய்வதால் அந்தப் பிரச்னை இல்லை.

எந்த லென்ஸ் எதுக்கு?

ஜூபிடர்-8: 50 மி.மீ., எஃப்/2. முதல் முறை வாங்குபவர்களுக்கு ஏற்றது. முழுசாகத் திறந்தால் தோல் மென்மையாக வரும். சிறிய சென்சார் கேமராவில் 75 மி.மீ. மாதிரி வேலை செய்வதால் முகங்களுக்கு ரொம்பப் பொருத்தம்.

இண்டஸ்டார்-61 எல்/டி: 55 மி.மீ., எஃப்/2.8. லாந்தனம் கலந்த கண்ணாடி. ஜூபிடரை விடக் கூர்மை அதிகம், விலையும் பொதுவாகக் குறைவு.

ஜூபிடர்-12: 35 மி.மீ., எஃப்/2.8. தெருக்காட்சிகளுக்கு நல்லது. ஆனால் பின்பக்கக் கண்ணாடி குண்டாக வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். சில கேமராக்களில் உள்ளே இடிக்கும். உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று உறுதி செய்யாமல் வாங்கவே வேண்டாம்.

இண்டஸ்டார்-22 போன்ற மடக்கு லென்ஸ்களை டிஜிட்டல் கேமராவில் மாட்டிய பிறகு உள்ளே தள்ளக் கூடாது. இதுவும் உள்ளே இடித்துச் சேதம் செய்யலாம்.

செந்துறை வெயிலில் என்ன ஆகும்?

உச்சி வெயிலுக்குப் புகைப்படக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ஐஎஸ்ஓ 100, எஃப்/16 என்றால் ஷட்டர் 1/100 நொடி. அதே வெயிலில் எஃப்/2 வைத்தால் 64 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் 1/6400 நொடி வேண்டும். பல கேமராக்களில் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-ல் நின்றுவிடும். படம் வெளுத்துப் போகும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. எஃப்/2.8-க்கு இறக்குங்க, 1/3200 போதும். அல்லது எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறுங்க. அல்லது வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்க. ஜூபிடர்-8-க்கு 40.5 மி.மீ. ஃபில்டர் பொருந்தும்.

அடுத்த சிக்கல் எதிர்வெயில். பழைய பூச்சு என்பதால் சூரியன் லென்ஸில் நேராக விழுந்தால் படம் முழுக்கப் புகை மூட்டம் மாதிரி ஆகும். சுண்ணாம்புக்கல் பூமி வெளிச்சத்தைத் திருப்பியடிப்பதால் இது இன்னும் கூடும். ஒரு சின்ன லென்ஸ் ஹூட் மாட்டினாலே பாதிப் பிரச்னை முடிஞ்சது. செந்துறைப் பக்கம் முந்திரித் தோப்பு நிழலில், காலை அல்லது சாயங்கால வெளிச்சத்தில் முகங்களை எடுத்துப் பாருங்க. இந்த லென்ஸ்கள் தங்கள் பலத்தைக் காட்டுவது அங்கேதான்.

எங்கே சொதப்பும்?

இவை பெரும்பாலும் ஒரு மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. செந்துறை வட்டாரம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. 2009-ல் டைனோசர் முட்டைப் படிமங்கள் கண்டெடுக்கப்பட்ட பகுதி இது. உள்ளங்கை அளவு புதைபடிவத்தை இந்த லென்ஸால் எடுத்தால், சுமார் 70 செ.மீ. அகலப் படத்தில் அது ஒரு புள்ளியாகத்தான் தெரியும். கிட்டே போக, நீளும் வகை அடாப்டர் தேவை. படம் மட்டும் எடுங்க, கல்லை இருந்த இடத்திலேயே விடுங்க. சுரங்கப் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் போக வேண்டாம்.

கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்கும் இது உதவாது, அதற்கு நீண்ட லென்ஸ் வேண்டும். எஃப்/2-ல் ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், முழு ஃப்ரேம் கேமராவில் தெளிவாக இருக்கும் ஆழம் வெறும் 5 செ.மீ. ஆள் லேசாக அசைந்தாலே ஃபோகஸ் போச்சு. அதனால் கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்துக்கு இதை மட்டும் நம்பிப் போகாதீங்க. அந்த நொடி திரும்ப வராது.

பணம் அனுப்பும் முன் 5 செக்!

1. டார்ச் படம் கேளுங்க. லென்ஸுக்குள் வெளிச்சம் அடித்து எடுத்த படத்தில் சிலந்தி வலை மாதிரி இருந்தால் பூஞ்சை. மொத்தமாகப் பனி மாதிரி இருந்தால் மங்கல். சில தூசித் துகள்கள் இருந்தால் பரவாயில்லை.

2. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கா, வளையங்கள் இறுக்கம் இல்லாமல் திரும்புதா என்று வீடியோ கேளுங்க.

3. எந்தக் கேமராவின் லென்ஸ் என்று கேளுங்க. பழைய ஜெனிட் எஸ்எல்ஆர் லென்ஸுக்கும் அதே 39 மி.மீ. மரைதான். ஆனால் அதன் தூரம் 45.2 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் அடாப்டரில் மாட்டினால் ஃபோகஸே கிடைக்காது. கீவ் கேமரா லென்ஸுக்குத் திருகு மரையே கிடையாது, அதற்கு வேறு அடாப்டர்.

4. சீரியல் எண்ணைப் பாருங்க. பல லென்ஸ்களில் முதல் இரண்டு எண்கள் தயாரிப்பு ஆண்டு.

5. 'அரிய போர்க்கால லைகா' என்றால் உஷார். ஃபெட், ஜோர்க்கி கேமராக்களுக்குப் பித்தளை நிறமும் ஜெர்மன் முத்திரையும் போட்டு விற்பது உலகம் முழுக்க நடக்கும் பழைய ஏமாற்று வேலை.

இன்னொன்று. இவற்றை ஆன்லைனில் விற்பவர்களில் கணிசமானோர் உக்ரைன், ரஷ்யாவில் இருக்கிறார்கள். ஃபெட் பிறந்த கார்கிவ் நகரம் 2022 பிப்ரவரி முதல் போரின் நடுவில் இருக்கிறது. பார்சல் தாமதமாகலாம், திருப்பி அனுப்புவது நடைமுறையில் கஷ்டம். விலையோடு அடாப்டர், தபால், சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் கூட்டிப் பாருங்க. மொத்தத் தொகை ஒரு புது மேனுவல் 50 மி.மீ. லென்ஸ் விலையைத் தொட்டால், வாரன்டியோடு வரும் புதுசே மேல்.

வாங்கிய பிறகு?

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் வைக்காதீங்க. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வைங்க. பூஞ்சை பிடித்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு சேர்க்க வேண்டாம். புழுதியை முதலில் ஊதுபந்தால் ஊதணும். அதன் பிறகே துணி. அந்தக் காலப் பூச்சு மென்மையானது, சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும்.

மொபைலில் மாட்ட முடியுமா?

நேரடியாக முடியாது. மொபைலில் லென்ஸைக் கழற்றவே முடியாது. போர்ட்ரெய்ட் மோடில் வரும் மங்கல், சாஃப்ட்வேர் போடும் கணக்கு. அதனால்தான் சில நேரம் முடியோரமும் கம்மலும் சேர்ந்தே மறையும். ஜூபிடரில் அந்த மங்கல் கண்ணாடியிலேயே நடக்கிறது.

ஆக, கையில் ஏற்கெனவே மிரர்லெஸ் இருந்து, நிதானமாக முகங்களை எடுக்க ஆசைப்படுபவருக்கு ஒரு சுத்தமான ஜூபிடர்-8 அல்லது இண்டஸ்டார்-61 நல்ல தொடக்கம். இந்த லென்ஸுக்காகவே புதுசா கேமரா வாங்கப் போறீங்கன்னா, அந்தக் காசுக்கு ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்தான் முதலில் வேண்டும்.