முனைவர் பட்ட ஆய்வேடு: திட்டமிடல் முதல் ஒப்படைப்பு வரை

முனைவர் பட்ட ஆய்வேடு என்பது, ஒரு துறையில் இதுவரை விடை காணப்படாத வினா ஒன்றை எடுத்துக்கொண்டு, சான்றுகளைத் திரட்டி, முறையாக ஆராய்ந்து, கண்ட முடிவைப் பிறர் சரிபார்க்கத்தக்க வகையில் எழுதிப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கும் நூலாகும். பட்டத்திற்காக எழுதப்பட்டாலும், பின்னால் வரும் ஆய்வாளர் அதை நம்பி மேலே கட்டலாமா என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது.

தரவு திரட்டும் வரை ஊக்கத்துடன் செல்லும் ஆய்வு, எழுதும் கட்டத்தில் தேங்கிவிடுவது பல துறைகளிலும் காணப்படும் நிலை. திட்டமிடல், எழுதுதல், செப்பமிடல் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் தனித்தனி வேலைகளாகக் கருதுவதே இதற்கு முதன்மையான காரணம். உண்மையில் இம்மூன்றும் தொடக்கம் முதல் இணைந்தே செல்ல வேண்டியவை.

இக்கட்டுரையில், திண்டுக்கல் மாவட்டம் பழனிக்கு அருகிலுள்ள நெய்க்காரப்பட்டி வட்டாரத்தில் கரும்பிலிருந்து வெல்லம் காய்ச்சும் தொழிலைப் பற்றிய ஒரு கற்பனை ஆய்வு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பின்னணி

தமிழ் ஆய்வில் முன்னோடியான மு. வரதராசன் 1948 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பள்ளி ஆசிரியராகத் தொடங்கிப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் இப்பட்டத்தைப் பெற்றார். அவருடைய ஆய்வுப்பொருள் சங்க இலக்கியத்தில் இயற்கை. அந்த ஆய்வு 1957 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார்.

இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டுதலில் செய்த ஆய்வு, தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய நூலாக 1968 இல் ஆக்ஸ்போர்டில் வெளியானது. சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாணர் மரபில் தோன்றியவை என்பது அதன் மையக் கருத்து. பின்னர் ஜார்ஜ் ஹார்ட் போன்றோர், அவை பாணர் மரபைப் பின்பற்றி எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவை என்று மாற்றுக் கருத்தை முன்வைத்தனர். ஆய்வேட்டின் கருத்து தெளிவாக இருந்தால்தான் அதை ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

திண்டுக்கல் மாவட்டத்தில் 1976 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற காந்திகிராமக் கிராமிய நிறுவனமும், 1984 இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் உள்ளன. 1966 இல் தொடங்கப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எல்லையும் இம்மாவட்டத்தை உள்ளடக்கியது.

விதிகளும் கால எல்லையும்

இந்தியாவில் முனைவர் பட்டத்திற்கான குறைந்தபட்ச நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுக்கிறது. 2022 நவம்பரில் வெளியான விதிகளின் முக்கியக் கூறுகள் வருமாறு:

• பாட வகுப்புக் காலத்தையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிக அளவாக 6 ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் வரை பெறலாம்.
• பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள் உண்டு. எனினும் மொத்தக் காலம் 10 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது.
• பெண்கள் மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்பு விடுப்பாக மொத்தம் 240 நாட்கள் வரை பெறலாம்.
• பாட வகுப்புகளுக்குக் குறைந்தது 12 தரப்புள்ளிகள். அவற்றில் 55 விழுக்காடு பெற்றால்தான் ஆய்வைத் தொடரலாம்.
• பகுதி நேர ஆய்வுக்கு அனுமதி உண்டு. பணியில் இருப்போர் தம் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும்.
• ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஆய்வின் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும்.

இதே விதிகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்திவிட்டன. முன்பு அப்பட்டத்திற்காகச் சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதிப் பழகியவர்களே பெரும்பாலும் முனைவர் பட்டத்திற்கு வந்தனர். இப்போது முதுகலை முடித்து நேராக வருவோருக்கு, முனைவர் பட்ட ஆய்வேடே முதல் பெரிய எழுத்துப் பணியாக அமைகிறது. ஆகவே எழுத்துப் பயிற்சியையும் இந்த 6 ஆண்டுகளுக்குள்ளேயே பெற்றாக வேண்டும்.

தலைப்பும் ஆய்வு வினாவும்

பொருள் வேறு, வினா வேறு. "தமிழ்நாட்டில் வெல்லத் தொழில்" என்பது ஒரு பொருள். அதற்கு எல்லை இல்லை. எவ்வளவு திரட்டினாலும் போதாது. "நெய்க்காரப்பட்டி வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சுவோரின் தொழிற்சொற்கள்" என்பது இடத்தாலும் மக்களாலும் எல்லை கட்டப்பட்ட தலைப்பு. "மாடு பூட்டிய ஆலை போய் இயந்திர ஆலை வந்தபின், எச்சொற்கள் மறைந்தன, எவை பொருள் மாறின, ஏன்?" என்பதுதான் வினா. எதைத் திரட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்பதை வினாவே சொல்லிவிடும்.

வினாவுக்கு ஆய்வாளர் எதிர்பார்க்கும் தற்காலிக விடை கருதுகோள் எனப்படும். "கரும்பு பிழியும் கருவியைக் குறிக்கும் சொற்கள் மறைந்திருக்கும், பாகின் பக்குவத்தைக் குறிக்கும் சொற்கள் நிலைத்திருக்கும்" என்பது மேற்கண்ட வினாவிற்குரிய ஒரு கருதுகோள். களத்தில் இது பொய்யாகவும் கூடும். பொய்யாக வாய்ப்பே இல்லாத கூற்று கருதுகோளாகாது. "தொழிற்சொற்கள் சிறப்பானவை" என்பது போன்ற கூற்றை எந்தச் சான்றாலும் மறுக்க முடியாது. ஆகவே அதை ஆராயவும் முடியாது.

முன்னாய்வு மதிப்பீடு

இதற்கு முன் செய்யப்பட்ட பணிகளை வரிசையாகச் சொல்லிச் செல்வது மட்டும் முன்னாய்வு மதிப்பீடு ஆகாது. ஒவ்வொன்றும் எதை நிறுவியது, எதைத் தொடாமல் விட்டது என்பதைக் காட்ட வேண்டும். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982 இலும், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000 இலும் வெளிவந்தன. வட்டாரச் சொல் ஆய்வில் இறங்குவோர் இவற்றைத் தவிர்க்க முடியாது. இவை ஒரு வட்டாரத்தின் சொற்களைப் பரவலாகத் தொகுத்தவை. ஒரே தொழிலில் கருவி மாறும்போது சொல் என்ன ஆகிறது என்பது வேறு வினா. அந்த இடைவெளியே புதிய ஆய்வுக்குரிய இடம்.

ஒரே தலைப்பில் ஏற்கெனவே ஆய்வு நடந்துள்ளதா என்பதை அறிய, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்துள்ள சோத்கங்கா இணையக் களஞ்சியத்தைப் பார்க்கலாம். பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஓலைச்சுவடிகளுக்கு உ.வே. சாமிநாதையர் நூலகமும் உதவும். ஈழத்து நூல்களுக்கு நூலகம் இணையத்தளம் உண்டு. பழனிப் பகுதியினர் எளிதில் சென்று வரக்கூடியதாக, மதுரையில் 2023 இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் உள்ளது.

தரவு திரட்டல்

களப்பணிக்குக் காலம் முக்கியம். வெல்லம் காய்ச்சும் ஆலைகள் இயங்கும்போது சென்றால்தான் கொப்பரையின் அருகே நின்று, பாகு பதமாவதைப் பார்த்தபடியே சொற்களைக் கேட்க முடியும். ஆலை ஓயும் மாதங்களில் நினைவிலிருந்து சொல்லப்படும் சொற்கள் வேறுவகைத் தரவு. அவற்றைத் தனியே குறிக்க வேண்டும்.

பதிவு செய்யும் முன் தகவலாளரிடம் ஆய்வின் நோக்கத்தை விளக்கி ஒப்புதல் பெறுவது கட்டாயம். ஒவ்வொரு பதிவுக்கும் எண், நாள், இடம், தகவலாளரின் வயது, தொழிலில் அவர் செய்யும் வேலை ஆகியவற்றை அன்றே எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது குரலை அடையாளம் காண முடியாமல் போகும் பதிவு, சான்றாகப் பயன்படாது. அன்றைய பதிவை அன்று இரவே அரைப் பக்கக் குறிப்பாக எழுதி வைப்பது சிறந்த பழக்கம். ஆய்வேட்டின் எழுத்து வேலை உண்மையில் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இயல் பகுப்பு

மானுடவியல், சமூக அறிவியல் துறைகளில் முன்னுரை, முன்னாய்வு மதிப்பீடு, ஆய்வு முறை, இரண்டு அல்லது மூன்று பகுப்பாய்வு இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு என்ற அமைப்பு வழக்கில் உள்ளது. அமைப்பு எதுவாயினும், ஒவ்வோர் இயலும் ஆய்வு வினாவின் ஒரு பகுதிக்கு விடை தர வேண்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒவ்வோர் இயலின் முடிவையும் ஒரே வாக்கியத்தில் எழுதி, அவ்வாக்கியங்களை வரிசையாகப் படிக்க வேண்டும். அவை தொடர்ந்து ஒரு வாதமாக அமைந்தால் பகுப்பு சரி. எந்த இயலுக்கு வாக்கியம் எழுத வரவில்லையோ, அந்த இயலில் செய்தி மட்டும் உள்ளது, ஆய்வு இல்லை என்று பொருள். "நெய்க்காரப்பட்டியின் வரலாறும் அமைவிடமும்" என 40 பக்கம் எழுதப்படும் பின்னணி இயல்கள் பெரும்பாலும் இவ்வகையின. வினாவுக்குத் தேவையான 4 பக்கத்தை வைத்துக்கொண்டு மீதியை நீக்கலாம்.

எழுதுதல்

முன்னுரையிலிருந்து தொடங்கி முடிவுரை வரை வரிசையாக எழுத வேண்டியதில்லை. ஆய்வு முறை இயலை முதலில் எழுதுவது எளிது. செய்ததைச் சொன்னால் போதும். அடுத்துப் பகுப்பாய்வு இயல்களை எழுதலாம். முன்னுரையின் இறுதி வடிவத்தைக் கடைசியில் எழுதுவதே முறை. நூல் எங்கு சென்று முடிகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பள்ளி, கல்லூரிப் பணியிலோ குடும்பப் பொறுப்பிலோ இருந்துகொண்டு ஆய்வு செய்வோர், நீண்ட விடுமுறை வரட்டும் என்று காத்திருப்பதுண்டு. நாளொன்றுக்கு 300 சொற்கள் வீதம், வாரத்தில் 5 நாட்கள் எழுதினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 சொற்கள் ஆகும். அதில் பாதியை நீக்கினாலும் இரண்டு ஆண்டுகளில் முழு வரைவு கையில் இருக்கும்.

நெறியாளரிடம் முழு நூலையும் ஒரே நேரத்தில் கொடுப்பதைவிட, இயல் இயலாகக் கொடுப்பது இருவருக்கும் நல்லது. விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேர் வரையும், இணைப்பேராசிரியர் 6 பேர் வரையும், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரையும் வழிநடத்தலாம். ஆகவே அவர்கள் படிக்க எடுத்துக்கொள்ளும் காலத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மேற்கோளும் கருத்துத் திருட்டும்

பிறர் கருத்தைத் தம் கருத்தாகக் காட்டுவது கருத்துத் திருட்டு. 2018 ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகளின்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 விழுக்காடு வரை இருந்தால் 6 மாதங்களுக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 40 முதல் 60 வரை இருந்தால் ஓராண்டுக்குத் திருத்திய வடிவத்தை ஒப்படைக்க இயலாது. 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். உரிய முறையில் சுட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இக்கணக்கில் சேரா.

மென்பொருள் காட்டும் எண் குறைவாக இருப்பதால் மட்டும் நேர்மை உறுதியாவதில்லை. ஆங்கில நூலின் பத்தியைத் தமிழாக்கித் தம்முடையதாக எழுதினால் மென்பொருள் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால் துறையறிந்த தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார். குறிப்பெடுக்கும்போதே நூற்பெயர், பதிப்பாண்டு, பக்க எண் மூன்றையும் எழுதிவிடுவதும், பிறர் சொற்களை மேற்கோள் குறிக்குள் இடுவதும் பின்னால் நேரும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

செப்பமிடல்

செப்பமிடலை மூன்று சுற்றுகளாகச் செய்வது பயன் தரும்.

1. வாதம்: ஒவ்வொரு முடிவுக்கும் சான்று உள்ளதா, ஒவ்வொரு சான்றும் முடிவுக்கு உதவுகிறதா என்று பார்த்தல். கருதுகோளுக்கு எதிரான சான்றுகளை மறைக்காமல் விளக்குதலும் இதில் அடங்கும்.
2. நடை: நீண்ட வாக்கியங்களைப் பிரித்தல், கூறியது கூறலை நீக்குதல், கலைச்சொல்லை நூல் முழுவதும் ஒரே பொருளில் ஆளுதல்.
3. மெய்ப்பு: ஒற்று மிகல், லகர ளகர ழகர வேறுபாடு, ஊர்ப்பெயர், ஆண்டு, அடிக்குறிப்பு எண், அட்டவணைத் தலைப்பு ஆகியவற்றைச் சரிபார்த்தல்.

தமிழில் எழுதுவோர் எழுத்துருவிலும் கவனம் செலுத்த வேண்டும். பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு வேறு கணினியில் உருக்குலையும், தேடலிலும் அகப்படாது. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. முதல் நாளிலிருந்தே ஒருங்குறியில் எழுதினால், கடைசி மாதத்தில் எழுத்துரு மாற்றும்போது ஏற்படும் பிழைகளைத் தவிர்க்கலாம். கோப்பின் படிகளைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பதும் அவசியம்.

ஒப்படைப்பும் மதிப்பீடும்

ஒப்படைக்கும் முன் ஆய்வு ஆலோசனைக் குழு, ஆசிரியர்கள், சக ஆய்வாளர்கள் ஆகியோர் முன்னிலையில் ஆய்வாளர் தம் ஆய்வை எடுத்துரைக்க வேண்டும். அங்கு எழும் கேள்விகள் பெரும்பாலும் தேர்வாளர்களிடமிருந்தும் வரக்கூடியவை. அவற்றைக் குறித்துக்கொண்டு திருத்துவது நல்லது. கருத்துத் திருட்டுச் சோதனைச் சான்றும், ஆய்வு தம்முடையதே என்னும் உறுதிமொழியும் ஆய்வேட்டுடன் இணைக்கப்படும். தாள் அளவு, பக்க ஓரம், படிகளின் எண்ணிக்கை ஆகியவை பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் மாறும்.

நெறியாளரும், அந்நிறுவனத்தைச் சாராத குறைந்தது இரு புறத்தேர்வாளர்களும் ஆய்வேட்டை மதிப்பிடுவர். புறத்தேர்வாளர்களில் ஒருவர் ஏற்காவிட்டால் மாற்றுத் தேர்வாளருக்கு அனுப்பப்படும். அவரும் ஏற்காவிட்டால் ஆய்வேடு தள்ளப்படும். ஏற்கப்பட்டால் வாய்மொழித் தேர்வு நடைபெறும். ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் இவை முடிய வேண்டும் என்கிறது விதி.

வாய்மொழித் தேர்வில் எல்லாவற்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. "இம்முடிவு நான் ஆராய்ந்த ஊர்களுக்கு மட்டும் பொருந்தும்; பிற பகுதிகளுக்குத் தனி ஆய்வு தேவை" என எல்லையைத் தெளிவாகச் சொல்வது குறையன்று; அது ஆய்வின் நேர்மையையே காட்டும்.

ஒப்படைப்புக்குப் பின்

பட்டம் அளிக்கும் முன் ஆய்வேட்டின் மின்படி சோத்கங்காவில் சேர்க்கப்படுகிறது. நூலக அலமாரியில் மட்டும் இருந்த ஆய்வேடுகளை இன்று எந்த ஊரிலிருந்தும் படிக்கலாம். வெல்லம் காய்ச்சும் முதியவர் ஒருவர் சொன்ன சொல், அவர் காலத்துக்குப் பின் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். அது யார், எங்கே, எப்போது, எப்பொருளில் சொன்னது என்ற விவரத்துடன் ஆய்வேட்டில் பதிவாகியிருந்தால், ஐம்பது ஆண்டுகள் கழித்து வரும் ஆய்வாளரும் அதை நம்பி எடுத்தாளலாம்.