ஜோடி வந்தால் ஜெயமா?

ஊரில் தீபாவளிக்கும் கல்யாண வீட்டிலும் மூணு சீட்டு ஆடிப் பழகிய நம்மவர்கள், இணையத்தில் போக்கர் ஆட வரும்போது பழைய பழக்கம் ஒன்றையும் கூடவே கொண்டு வருகிறார்கள். ஜோடி சேர்ந்துவிட்டால் சீட்டைக் கவிழ்க்க மனம் வராது. மூணு சீட்டில் அது நியாயம்தான். அங்கே நூற்றுக்கு 74 தடவை ஒருவர் கையில் ஜோடிகூட இருக்காது.

டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்தில் கணக்கு தலைகீழ். கையில் இரண்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, ஆக ஏழு சீட்டிலிருந்து நல்ல ஐந்தை எடுத்துக்கொள்கிறோம். ஏழும் தெரிந்தபின் நூற்றுக்குச் சுமார் 83 தடவை ஜோடியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் கூட்டத்தில் சின்ன ஜோடிக்கு என்ன மரியாதை?

உங்களுக்கு இரண்டு ஆறு வந்திருக்கிறது என்று வையுங்கள். பொதுச்சீட்டில் முதல் மூன்று விரியும்போது, நூற்றுக்கு 96 தடவை ஆறைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வந்து உட்கார்ந்திருக்கும். மூன்றாவது ஆறு வருவதோ எட்டு, ஒன்பது தடவைக்கு ஒரு முறை. ஆகவே சின்ன ஜோடியோடு அந்த மூன்று சீட்டை மலிவாகப் பார்க்கலாம். ஆறு வராமல், எதிராளி பணம் கட்டினால் விட்டுவிடலாம். மலிவு என்றால்? உள்ளே வர 2 டாலர் என்றால், உங்களிடமும் எதிராளியிடமும் 30, 40 டாலராவது மிச்சம் இருக்க வேண்டும். தவறிப்போன தடவைகளின் செலவை எல்லாம் வாய்த்த ஒரு தடவைதானே ஈடுகட்ட வேண்டும்! எதிரே ஒரே ஆள் என்றால் கதை வேறு. எந்தச் சீட்டோடும் வரும் ஒருவரை ஆறு ஜோடி கடைசிவரை போய் நூற்றுக்கு 63 தடவை வெல்லும்.

இனி உதார். திரையில் முகம் தெரியாது, கை நடுங்குவதும் தெரியாது. மிஞ்சுவது விலைதான். நடுவில் 60 டாலர் கிடக்கிறது, நீங்கள் ஒன்றுமில்லாமல் 30 கட்டுகிறீர்கள். மூன்றில் ஒரு தடவை எதிராளி ஓடினால் கைக்கு நஷ்டமில்லை. 60 கட்டினால் பாதித் தடவை ஓட வேண்டும். எதிரே இருவர் இருந்து, ஒவ்வொருவரும் பாதித் தடவைதான் ஓடுவார்கள் என்றால், இருவரும் சேர்ந்து ஓடுவது நாலில் ஒன்று. சில்லறைப் பந்தய மேசைகளில் பலர் ஆர்வத்துக்காகவே பணம் கட்டிப் பார்ப்பார்கள். அங்கே உதார் விடுவது வீண்.

2003 உலகப் போட்டியின் இறுதியில் கிறிஸ் மணிமேக்கர், சாம் ஃபார்ஹாவை விரட்டிய உதாரைப் பலர் பார்த்திருப்பீர்கள். இணையத்தில் ஜெயித்துப் போட்டிக்கு வந்தவர் அவர். கையில் ராஜாவும் ஏழும். ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி. நான்காவது சீட்டிலேயே மணிமேக்கர் பந்தயத்தை ஏற்றினார். அப்போது அவர் பார்வையில் 15 சீட்டுகளில் எது வந்தாலும் வரிசையோ ஒரே நிறமோ அமைந்திருக்கும். ஒன்றும் வரவில்லை, முழுப் பணத்தையும் தள்ளினார், ஃபார்ஹா கவிழ்த்தார். சின்ன ஜோடியை வைத்து உதார் விடுபவருக்கோ கைகொடுக்க இரண்டே சீட்டு. நம்மவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான்.

நியூ ஜெர்சியில் 2013 நவம்பர் முதல் உரிமம் பெற்ற தளங்களில், 21 வயது நிரம்பியவர்கள் ஆடலாம். கலிபோர்னியாவும் டெக்சஸும் இணையப் போக்கருக்கு உரிமம் தந்ததில்லை. அங்குள்ளவர்கள் வெளிநாட்டுத் தளத்தில் பணம் போடுமுன் 2011 ஏப்ரல் 15-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அன்று அரசு முடக்கிய ஃபுல் டில்ட் தளத்தின் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு, 2014-இல்தான் பணம் திரும்ப வரத் தொடங்கியது.